சென்னையிலிருந்து பிராங்பேர்ட்டுக்கு நாயை அழைத்துச் செல்வது: தடுப்பூசி, மைக்ரோசிப், கூண்டு பற்றிய ஐயங்கள்

கருப்பனின்_அம்மா, பிப்ரவரி 3

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் கடந்த டிசம்பரில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் வேலைக்குச் சேர்ந்தார். மகளின் பள்ளித் தேர்வு முடிந்ததும், ஏப்ரல் 10ஆம் தேதி, நானும் அவளும் சென்னையிலிருந்து பிராங்பேர்ட்டுக்கு நேரடி விமானத்தில் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். எங்களுடன் கருப்பனும் வர வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு முன் வேளச்சேரியில் எங்கள் தெருவுக்குள் மழைத் தண்ணீர் ஏறிய இரவில் மாடிப்படிக்கு அடியில் ஒதுங்கியிருந்த குட்டி அவன். அன்று முதல் மகளின் கட்டிலுக்குக் கீழேதான் உறங்குகிறான். நாட்டு நாய், 18 கிலோ எடை, நிமிர்ந்து நிற்கும் காதுகள். அவனை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போகலாம் என்று உறவினர் சிலர் சொன்னபோது மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இதுவரை செய்தவற்றைச் சொல்கிறேன். ஆண்டுதோறும் தவறாமல் ரேபிஸ் தடுப்பூசி போட்டு வருகிறோம். கடைசியாகப் போட்டது அக்டோபர் 14. வெளிநாட்டுக்குக் கொண்டு செல்ல மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும், அடையாள எண் கொண்ட சிறு சில்லு) வேண்டும் என்று ஒரு முகவர் கூறியதால் ஜனவரி 28 அன்று அதையும் பொருத்திவிட்டோம். தெரிந்தவர் ஒருவரிடமிருந்து பயன்படுத்திய பிளாஸ்டிக் கூண்டு ஒன்றை வாங்கியிருக்கிறேன். உட்புற நீளம் 80 செ.மீ., அகலம் 52, உயரம் 60. அடியில் சக்கரங்கள் உண்டு; மேல் பாதியும் கீழ்ப் பாதியும் பிளாஸ்டிக் கொக்கிகளால் இணைக்கப்பட்டுள்ளன. கருப்பன் இதுவரை எந்தக் கூண்டுக்குள்ளும் போனதில்லை.

ஏப்ரலுக்குள் இன்னும் என்ன செய்ய வேண்டும்? அவனை எங்களோடு பயணிகள் அறையிலேயே வைத்துக்கொள்ள வழி உண்டா? பத்து மணி நேரப் பயணம் என்பதால் தூக்க மாத்திரை கொடுத்துவிடுங்கள் என்று ஒருவர் சொன்னார், அது சரியா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.


மதுரை_கால்நடை_மருத்துவர், பிப்ரவரி 3

வணக்கம் அம்மா. கூண்டையும் மாத்திரையையும் பிறகு பார்க்கலாம். முதலில் தேதிகளைப் பார்ப்போம், ஏனென்றால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் ஏப்ரல் 10 அன்று கருப்பனால் பயணம் செய்ய முடியாது. இதைச் சொல்வது எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் விமான நிலையத்தில் தெரியவருவதைவிட இன்றே தெரிந்துகொள்வது நல்லது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி மைக்ரோசிப் முதலில், ரேபிஸ் தடுப்பூசி அதன் பிறகு. ஒரே நாளில் இரண்டையும் செய்யலாம், ஆனால் சிப் பொருத்தி அதன் எண்ணைப் படித்துக் குறித்த பிறகுதான் ஊசி போட வேண்டும். எந்த நாய்க்கு ஊசி போட்டோம் என்பதற்கு அந்த எண் மட்டுமே சான்று என்பதால், சிப் பொருத்துவதற்கு முன் போட்ட ஊசி எத்தனை ஒழுங்காகப் போடப்பட்டிருந்தாலும் அவர்கள் கணக்கில் சேராது. உங்கள் அக்டோபர் ஊசி அப்படித்தான் கணக்கில் சேராமல் போய்விட்டது. எனவே கருப்பனுக்கு இப்போது மீண்டும் ஒரு ரேபிஸ் ஊசி தேவை. நான்கு மாத இடைவெளியில் இன்னொரு முறை போடுவதால் ஆரோக்கியமான நாய்க்குத் தீங்கு இல்லை.

அடுத்ததுதான் பலரும் கோட்டைவிடும் இடம். ரேபிஸ் கட்டுக்குள் இருப்பதாக ஐரோப்பிய ஒன்றியம் பட்டியலிட்டுள்ள நாடுகளில் இந்தியா இல்லை. ஆகையால் இங்கிருந்து செல்லும் நாய்க்கு ஊசி போட்டால் மட்டும் போதாது. அந்த ஊசி உடலில் எதிர்ப்பாற்றலை உருவாக்கியிருக்கிறது என்பதை ரத்தப் பரிசோதனையின் மூலம் மெய்ப்பிக்க வேண்டும். இதைத்தான் டைட்டர் பரிசோதனை என்கிறோம். ஊசி போட்ட நாளிலிருந்து குறைந்தது 30 நாள்கள் கழிந்த பிறகே ரத்தம் எடுக்க வேண்டும்; எதிர்ப்பொருளின் அளவு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஆணையம் அங்கீகரித்த ஆய்வகத்தில்தான் அது அளவிடப்பட வேண்டும். பொதுவாக இங்குள்ள மருத்துவமனையில் ரத்தத்திலிருந்து சீரம் எனும் தெளிந்த நீர்ப்பகுதியைப் பிரித்து, குளிர் குறையாமல் பொதிந்து கூரியரில் அனுப்புவார்கள். ஆய்வகத்தின் பெயர் ஆணையத்தின் பட்டியலில் இருக்கிறதா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், மற்றவர் சொல்லை மட்டும் நம்பி விடாதீர்கள்.

ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருந்த பிறகே நாய் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையலாம். முடிவு வந்த நாளிலிருந்து அல்ல, ரத்தம் எடுத்த நாளிலிருந்து என்பதை மனத்தில் வையுங்கள். எதிர்ப்பாற்றல் உருவானது ஊசியால்தான், நாய் ஏற்கெனவே வெறிநோய்க் கிருமியைச் சுமந்துகொண்டிருப்பதால் அல்ல என்பதை உறுதி செய்யும் காலம் அது. கிருமி உடலில் இருந்தால் பெரும்பாலும் அதற்குள் நோய் வெளிப்பட்டுவிடும்.

உங்களுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். பிப்ரவரி 6 அன்று ஊசி. மார்ச் 10 அன்று ரத்தம். ஜூன் 10க்கு முன் பயணம் இல்லை. ஆண்டுதோறும் ஊசி போட்டு வந்த நாய் என்பதால் அளவு 0.5க்குக் கீழே போக வாய்ப்பு குறைவு. அதை எண்ணிக் கவலைப்பட வேண்டாம். குட்டிகளுக்கும் முதல் முறை ஊசி போட்ட நாய்களுக்கும்தான் சில நேரம் குறைந்து வரும், அவற்றுக்கு மீண்டும் ஊசி போட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இனி வரும் பூஸ்டர் ஊசிகளைக் காலாவதி ஆகும் முன்பே போட்டு வந்தால் இந்தப் பரிசோதனையை அவன் வாழ்நாளில் மீண்டும் செய்ய வேண்டியதில்லை.

ஊசி போடும் நாளன்று ஒன்று செய்யுங்கள். மருத்துவர் கருவியை வைத்துச் சிப்பைப் படிக்கும்போது அதன் 15 இலக்க எண்ணைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, நீங்கள் சிப் சான்றிதழைக் கையில் வைத்து ஒவ்வோர் இலக்கமாகச் சரிபாருங்கள். தடுப்பூசிப் புத்தகம், ரத்தக் குப்பியின் படிவம், ஆய்வக அறிக்கை என எல்லாவற்றிலும் அதே எண் இருக்க வேண்டும். ஓர் இலக்கம் மாறினாலும் அது வேறு நாயின் காகிதமாகிவிடும்.


கருப்பனின்_அம்மா, பிப்ரவரி 4

டாக்டர், இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. நேற்றிரவு படித்துவிட்டு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. முகவரிடம் தொலைபேசியில் கேட்டபோது, ரத்தப் பரிசோதனை தேவைப்படலாம் என்று மட்டும் சொன்னார். மூன்று மாதம் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாளை மறுநாள் ஊசிக்கு நேரம் வாங்கிவிட்டேன்.

இப்போது எங்கள் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. மகளின் பள்ளிச் சேர்க்கைக்காக ஏப்ரலில் நாங்கள் போய்விட்டு, தாம்பரத்தில் இருக்கும் என் மாமியார் வீட்டில் கருப்பனை விட்டுவைத்து, ஜூனில் அவனை மட்டும் சரக்காக அனுப்பச் சொல்வது ஒன்று. ஜூனில் நானே திரும்பி வந்து அழைத்துச் செல்வது மற்றொன்று. முதல் வழியில் செலவு குறையும் என்று தோன்றுகிறது. இதில் ஏதேனும் சிக்கல் உண்டா?


நெக்கர்_கரை, பிப்ரவரி 5

சகோதரிக்கு வணக்கம். நானும் ஸ்டுட்கார்ட் அருகில்தான் வசிக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் நாட்டு நாயைக் கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்தோம். உங்கள் இரண்டாவது வழியைத்தான் நான் சொல்வேன். உரிமையாளரின் பயணத்துக்கு ஐந்து நாள்கள் முன்போ பின்போ, அந்த வரம்புக்குள் நாயும் பயணம் செய்தால்தான் அது சொந்தச் செல்லப்பிராணி என்ற எளிய விதிக்குள் வரும். அந்த வரம்பைத் தாண்டித் தனியாக அனுப்பினால் வணிக முறையில் கொண்டுவரப்படும் விலங்குகளுக்கான விதிகள் பொருந்தும். சான்றிதழே வேறு, நடைமுறையும் வேறு. அதற்கான செலவைச் சேர்த்தால் நீங்கள் போய்வரும் பயணச்சீட்டே மலிவு என்று தெரியவரும். நீங்கள் வர இயலாவிட்டால், எழுத்து வடிவில் அதிகாரம் கொடுத்து வேறொருவரை அழைத்து வரச் செய்யலாம், ஆனால் அப்போதும் உங்கள் பயணமும் நாயின் பயணமும் ஐந்து நாள்களுக்குள் அமைய வேண்டும்.

பயணத்துக்கு முந்தைய வாரத்தில் செய்ய வேண்டிய முக்கியமான வேலை சுகாதாரச் சான்றிதழ். உங்கள் மருத்துவர் தரும் உடல்தகுதிச் சான்று மட்டும் போதாது. மத்திய அரசின் விலங்கு தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்புச் சேவையின் சென்னை நிலையத்தில் அரசு கால்நடை மருத்துவர் ஐரோப்பிய ஒன்றியப் படிவத்தில் கையொப்பமிட்டு முத்திரையிட வேண்டும். அந்தச் சான்றிதழ் கையொப்பமான நாளிலிருந்து 10 நாள்களுக்குள் பிராங்பேர்ட்டில் சோதிக்கப்பட்டாக வேண்டும். வெகு முன்னதாக வாங்கிவிட்டு, விமானம் தள்ளிப்போய், மறுபடியும் நிலையத்துக்கு ஓடியவர்களை எனக்குத் தெரியும். பயணத்துக்கு மூன்று நான்கு நாள்கள் இருக்கும்போது வாங்குவது பாதுகாப்பு. அதற்கான நேரத்தை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் உரிமையாளர் பகுதியில் உங்கள் பெயர், பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளிலேயே இருக்கட்டும். நாயை விற்பதற்கோ பிறருக்குக் கைமாற்றுவதற்கோ கொண்டுபோகவில்லை என்ற உறுதிமொழியிலும் நீங்களே கையெழுத்திட வேண்டும்.

இனம் என்ற இடத்தில் கலப்பினம் என்றோ இந்திய நாட்டு நாய் என்றோ எழுதச் சொல்லுங்கள். பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபோர்ட்ஷயர் டெரியர், ஸ்டாஃபோர்ட்ஷயர் புல் டெரியர், புல் டெரியர் ஆகியவற்றையும் அவற்றின் கலப்புகளையும் ஜெர்மனிக்குள் கொண்டுவர 2001ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. கருப்பனுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றாலும், யாரோ அவசரத்தில் தவறாக எழுதிவிட்டால் விளக்கம் சொல்ல வேண்டிய நிலை உங்களுக்கு வரும்.

பிராங்பேர்ட்டில் இறங்கியதும், சுங்கத்தில் அறிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் வெளியேறாமல், சிவப்பு வழியில் போய்ச் சுங்க அலுவலரிடம் நாயைக் காட்ட வேண்டும். சிப்பைப் படித்து, காகிதங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தால் வெகு விரைவில் முடிந்துவிடும், எங்களுக்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அங்கிருந்து ஸ்டுட்கார்ட்டுக்கு இன்னொரு சிறிய விமானம் பிடிக்காதீர்கள். ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவுதான், கணவரைக் காருடன் வரச் சொல்லுங்கள். பத்து மணி நேரம் அடக்கிக்கொண்டு வந்தவனுக்கு முதலில் ஒரு மரமும் கொஞ்சம் புல்லும் தேவை. ரயிலில் போவதானால் கூண்டில் இல்லாத நாய்க்குப் பயணச்சீட்டும் கழுத்துவாரும் வாய்க்கூடும் வேண்டும்; வாய்க்கூட்டுக்கும் அவனை இப்போதே பழக்க வேண்டியிருக்கும்.


சரக்குப்பிரிவு_ஓய்வு, பிப்ரவரி 6

வணக்கம் அம்மா. விமான நிலையச் சரக்குப் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கூண்டைப் பார்த்த நொடியிலேயே திருப்பி அனுப்பப்பட்ட நாய்களையும், அவற்றின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுத குடும்பங்களையும் பலமுறை பார்த்திருக்கிறேன். காகிதம் எல்லாம் சரியாக இருந்தும் கூண்டால் பயணம் தவறுவதுதான் மிகவும் வேதனையானது. ஏனென்றால் அது ஒரு அளவு நாடாவால் தவிர்க்கக்கூடியது.

பயணிகள் அறை பற்றிக் கேட்டிருந்தீர்கள். சென்னையிலிருந்து நேரடியாகப் பறக்கும் லுப்தான்சாவில் பையோடு சேர்த்து 8 கிலோ வரை உள்ள நாய்க்கே அங்கே இடம். 18 கிலோ நாய் கீழ்த்தளத்தில்தான் வர முடியும். அதை நினைத்து அஞ்ச வேண்டாம். விலங்குகளை ஏற்றும் கீழ்த்தள அறையில் காற்றழுத்தம் பயணிகள் அறையில் உள்ளதைப் போலவே பேணப்படும், வெப்பநிலையும் கட்டுப்படுத்தப்படும். உயிருள்ள விலங்கு எந்த அறையில் இருக்கிறது என்பதை எழுத்து வடிவில் விமானிக்குத் தெரிவித்து ஒப்புதல் பெற்ற பிறகே கதவை மூடுவார்கள். இருட்டும் இரைச்சலும் இருக்கும். அவற்றுக்கு நாயைப் பழக்கத்தான் முடியும். ஒரு விமானத்தில் ஏற்றும் விலங்குகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு என்பதால், பயணச்சீட்டு எடுக்கும் முன் விமான நிறுவனத்திடம் நாய்க்கு இடம் உண்டா, பயணப்பொதியாக ஏற்பார்களா சரக்காக ஏற்பார்களா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அளவு. பெரும்பாலான விமான நிறுவனங்கள் ஐயாட்டா என்ற பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் உயிருள்ள விலங்குகளுக்கான விதிகளைத்தான் பின்பற்றுகின்றன. கருப்பனை நேராக நிற்க வைத்து நான்கு அளவுகள் எடுங்கள்: மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம், தரையிலிருந்து முன்னங்காலின் முழங்கை முட்டி வரை உயரம், தோள்களின் அகலம், தரையிலிருந்து தலை உச்சி அல்லது காது நுனி, எது மேலே இருக்கிறதோ அதுவரை உயரம். கூண்டின் உள் நீளம், நாயின் நீளத்தோடு முட்டி உயரத்தில் பாதியைக் கூட்டினால் வருவது. அகலம், தோள் அகலத்தைப் போல இரண்டு மடங்கு. உயரம், அந்தக் கடைசி அளவோடு விரிப்பின் தடிமனும் சேர்ந்தது. லாப்ரடார் வைத்திருப்பவர் தலை வரை அளந்தால் போதும், காது தொங்குகிறது. நம் நாட்டு நாய்க்குக் காது விடைத்து நிற்பதால் அதன் நுனி வரை அளந்தாக வேண்டும். நிற்கும்போது காது கூரையில் இடித்தால் கூண்டு சிறியது என்று எழுதிவிடுவார்கள்.

18 கிலோ நாட்டு நாய் என்றால் நீளம் 74, முட்டி 30, தோள் 17, காது நுனி 64 செ.மீ. என்ற அளவை ஒட்டியிருக்கலாம். அப்படியானால் கூண்டுக்கு 89 நீளமும் 34 அகலமும் விரிப்போடு 67 உயரமும் வேண்டும். உங்களிடம் இருக்கும் கூண்டு அகலத்தில் தாராளம்; நீளத்திலும் உயரத்திலும் தேறாது. அளந்து பார்த்து உறுதி செய்துகொண்டு, இரண்டு மூன்று செ.மீ. கூடுதலாக உள்ளதை வாங்குங்கள். சக்கரம் இருந்தால் கழற்ற வேண்டும். இரு பாதிகளையும் உலோகத் திருகாணி, மரையாணி கொண்டு முடுக்க வேண்டும். பிளாஸ்டிக் கொக்கியை மட்டும் நம்பி எவரும் ஏற்க மாட்டார்கள். கதவு உலோகக் கம்பியால் ஆனதாக இருக்கட்டும். நான்கு பக்கமும் காற்றுத் துளைகள் வேண்டும். உணவுக்கும் தண்ணீருக்கும் இரண்டு கிண்ணங்கள், கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து ஊற்றும்படி பொருத்தப்பட வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தை முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்துப் பனிக்கட்டியாக்கிப் பொருத்தினால், தூக்கி இறக்கும்போது சிந்தாமல் மெல்லக் கரைந்து அவனுக்குக் கிடைக்கும்.

தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். மயக்க மருந்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். உடல் தன் வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் ஆற்றலும் தடுமாறும். கூண்டு சாயும்போது கால் ஊன்றி நிற்கவும் முடியாது. மயங்கிய நிலையில் வரும் நாயை விமான நிறுவனங்கள் ஏற்பதில்லை. பசியோடும் அனுப்பாதீர்கள், வயிறு நிறையவும் கொடுக்காதீர்கள். ஒப்படைப்பதற்கு நான்கைந்து மணி நேரம் முன் எளிய உணவு, கடைசி வரை தண்ணீர், உள்ளே போகும் முன் நல்ல நடை. ஜூன் மாதச் சென்னை வெயிலில் ஓடுதளத்தின் சூடு கடுமையானது என்பதால் நள்ளிரவுக்குப் பின் புறப்படும் விமானமே உங்களுக்கு ஏற்றது.


கருப்பனின்_அம்மா, பிப்ரவரி 8

ஐயா, அளந்து பார்த்தேன். காது நுனி 66 செ.மீ. வருகிறது, மற்றவை நீங்கள் சொன்னதற்கு மிக அருகில் இருக்கின்றன. பழைய கூண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏப்ரலில் நாங்கள் போய்விட்டு, ஜூன் இரண்டாவது வாரத்தில் நான் மட்டும் திரும்பி வந்து, 18ஆம் தேதி அவனோடு பறப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். ஒன்று மட்டும் கேட்கிறேன். நாங்கள் இல்லாத இரண்டு மாதத்தில் மாமியாரால் அவனைக் கூண்டுக்குப் பழக்க முடியுமா? அவருக்கு அறுபத்தெட்டு வயது.


நெக்கர்_கரை, பிப்ரவரி 8

முடியும், ஆனால் தொடக்கத்தை நீங்கள் இருக்கும்போதே செய்துவிடுங்கள். முதல் இரண்டு வாரம் கதவைக் கழற்றி வைத்துவிட்டு, அவன் உணவுத் தட்டைக் கூண்டுக்குள் வையுங்கள். தள்ளவோ இழுக்கவோ வேண்டாம். அவனாகப் போய்ப் படுக்கத் தொடங்கிய பிறகு கதவை மாட்டி, ஐந்து நிமிடம், பத்து நிமிடம், பிறகு ஒரு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே போங்கள். அழும்போது திறக்காமல், அமைதியான பிறகு திறக்க வேண்டும் என்பதை அத்தையிடம் சொல்லுங்கள். உங்கள் மகள் உடுத்திய பழைய பருத்திச் சட்டை ஒன்றைத் துவைக்காமல் உள்ளே விரித்து வைத்துவிட்டுப் போங்கள். எங்கள் நாய் அதன் மேல்தான் தலை வைத்துப் பிராங்பேர்ட் வரை வந்தது.


கருப்பனின்_அம்மா, ஏப்ரல் 6

உதவிய அனைவருக்கும் நிலவரத்தைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். மார்ச் 10 அன்று ரத்தம் எடுத்தார்கள். முடிவு கடந்த வாரம் வந்தது, அளவு 0.5ஐவிடப் பல மடங்கு மேலே இருக்கிறது. ஆனால் டாக்டர் சொன்னபடி அறிக்கையை எடுத்து 15 இலக்கங்களையும் விரல் வைத்து ஒப்பிட்டபோது, பன்னிரண்டாவது இலக்கம் 6 என்பதற்குப் பதிலாக 8 என்று இருந்தது. ரத்தக் குப்பியோடு போன படிவத்தில் கையால் எழுதியபோதே அந்த 6இன் மேல்முனை உள்ளே வளைந்து 8 போலத் தெரிந்திருக்கிறது. மருத்துவமனை சிப் சான்றிதழின் நகலோடு ஆய்வகத்துக்கு எழுதி, திருத்திய அறிக்கையைக் கேட்டுப் பெற்றது. நேற்று மின்னஞ்சலில் வந்ததை நானும் மகளும் இரண்டு முறை வாசித்துச் சரிபார்த்தோம். மூலப்பிரதி கூரியரில் வந்துகொண்டிருக்கிறது. கருப்பன் கதவு மூடிய கூண்டில் இப்போது இரண்டு மணி நேரம் தூங்குகிறான்; நாளை அவனையும் கூண்டையும் அந்தச் சட்டையையும் தாம்பரத்தில் விட்டுவிட்டு வர வேண்டும்.